முச்சந்தியில் நிற்கும் பழைய கைகாட்டியை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி:
இங்கிலாந்தில் டார்செட் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். எங்கள் முச்சந்தியில் மூன்று கைகளோடு ஒரு வார்ப்பிரும்புக் கைகாட்டி நிற்கிறது. வருஷக்கணக்கில் பெயிண்ட் மேல் பெயிண்டாக அடித்து எழுத்தெல்லாம் மழுங்கிவிட்டது, ஒரு கையில் எத்தனை மைல் என்று விரலால் தடவித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கையில் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு விரிசலும் இருக்கிறது. கிரைண்டர் போட்டுச் சுரண்டி வெல்டிங் வைத்தால் அரை நாள் வேலை என்கிறார் ஒருவர். பாரிஷ் கவுன்சில் (ஊர் மன்றம்) கூட்டத்தில் இன்னொருவர், இதைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகை வைக்கலாம், இதெல்லாம் இப்போது சட்டப்படி செல்லாது என்கிறார். எனக்கு இரண்டுமே மனசுக்கு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
முதலில் அந்த கிரைண்டரைத் தள்ளி வையுங்கள். அவ்வளவு பழைய பெயிண்டில் பெரும்பாலும் ஈயம் இருக்கும், காய்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தால்கூட அந்தத் தூள் மூச்சில் போகும். அதோடு, எழுத்துகள் கையோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை, ஓரம் தேய்ந்தால் போனது போனதுதான். பெயிண்டை இளக்கி எடுக்கும் பெயிண்ட் ஸ்டிரிப்பரைத் தடவி ஊறவிட்டுப் பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாக எடுங்கள். கம்பத்தின் அடிப்பகுதியையும் சுத்தம் செய்யுங்கள், வார்த்த பவுண்டரியின் (வார்ப்புப் பட்டறையின்) பெயர் அங்கே கிடைக்கலாம். அப்புறம் துருப் பிடிக்காமல் தடுக்கும் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், அதன்மேல் வெள்ளை. எழுத்து மேடாக இருப்பதால் சின்ன ஃபோம் ரோலரில் கறுப்பைக் கொஞ்சமாகத் தொட்டு மேலாக உருட்டினாலே போதும்.

வெல்டிங் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். வார்ப்பிரும்பில் கரி (கார்பன்) அதிகம். சாதாரணமாகப் பற்றவைத்தால் ஆறும்போது பற்றின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும். முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடு வைத்து, மெல்ல ஆறவிடத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். முடியாவிட்டால் இந்தக் கையையே பேட்டர்னாக (அச்சு எடுக்கும் மாதிரியாக) வைத்துப் புதிதாக வார்க்கலாம், இரும்பு ஆறும்போது சுமார் 1% சுருங்கும் என்பதால் புதுக் கை கொஞ்சம் சின்னதாக வரும்.

பதில் 2:
சட்டப்படி செல்லாது என்பது தவறு. 1964-ல், பிரிட்டனின் சாலை அடையாளங்களை மாற்றியமைத்த வோர்பாய்ஸ் குழுவின் புது அடையாளங்கள் வந்தபோது பழையதை எடுக்கச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள், கட்டாயமாக்கவில்லை. 2005-ல் போக்குவரத்துத் துறையும், பழஞ்சின்னங்களைக் காக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் நேரெதிராகச் சொல்கிறது: மிஞ்சியிருக்கும் பழைய கைகாட்டிகளை இருந்த இடத்திலேயே வைத்துப் பராமரிக்க வேண்டும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கறுப்பு வெள்ளையில் வண்ணம் அடிக்க வேண்டும், 1940-க்கு முன்பே வேறு நிறம் இருந்தது தெரிந்தால் மட்டும் அந்த நிறம். (உங்கள் டார்செட்டிலேயே சிவப்புக் கைகாட்டிகள் சில உண்டு.) அந்தத் தாளைப் பிரதி எடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஆனால் கைகாட்டி ஊருடையது அல்ல, சாலைக்குப் பொறுப்பான கவுன்சிலுடையது. எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். சட்டப் பாதுகாப்புள்ள பழைய கட்டுமானங்களின் கிரேடு 2 பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் தனி அனுமதி வேண்டும். இன்னொன்று, 1940-ல் ஜெர்மன் படை இறங்கிவிடும் என்று பயந்து நாடு முழுக்கக் கைகாட்டிகளைக் கழற்றினார்கள், பிறகு மாட்டும்போது இடம் மாறியிருக்கலாம். தூரங்களை மேப்போடு ஒப்பிடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அனுமதி கிடைத்துவிட்டது, நேற்று விரிசல் விட்ட கையில் ஸ்டிரிப்பர் போட்டேன். பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வந்தது. இத்தனை நாள் வெறும் 3 என்று நினைத்த இடத்தில் 3¼ இருக்கிறது, அந்தக் கால் பின்னத்தின் கோடுகூட அப்படியே கூராக நிற்கிறது. மேப்பிலும் அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது.