ராஜாவுக்கு செக், பேங்க் செக், செக் சட்டை: எல்லாம் ஒரே சொல்லா?

அம்முஅப்பா:
மகளுக்கு 9 வயசு, இப்பதான் செஸ் கத்துக்கறா. நேத்து எனக்கு செக் வெச்சுட்டு திடீர்னு கேட்டா: "பேங்க்ல எழுதிக் குடுக்கறதும் செக், கட்டம் போட்ட சட்டையும் செக், ஹோம்வொர்க் பாக்கறதும் செக். எல்லாம் ஒண்ணாப்பா?" ஓசை மட்டும்தான் ஒண்ணுன்னு சொல்லிட்டேன். சரியா?

கணக்கர்:
இல்லைங்க, திருத்திச் சொல்லிடுங்க. நாலுக்கும் வேர் ராஜாதான். பாரசீகத்துல ஷான்னா அரசன். எதிராளி ராஜாவைத் தாக்கும்போது "ஷா"ன்னு எச்சரிப்பாங்க. அது அரபி, பழைய பிரெஞ்சு வழியா உருமாறி ஆங்கிலத்துல செக் ஆச்சு. செஸ்ங்கற பேரும் அந்தப் பிரெஞ்சுச் சொல்லோட பன்மைதான்.

செக் வெச்சா மத்ததை விட்டுட்டு முதல்ல அதைத்தான் கவனிச்சாகணும். அதுலேருந்து 'தடுத்து நிறுத்து'ங்கற பொருள் வந்துது. ஓடற வேலையை நிறுத்திப் பாக்கறதுதான் ஹோம்வொர்க் செக்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்; கணக்கு எழுதியே காலம் தள்ளினவன் நான். 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல அரசாங்க வரவுக் கணக்கை 10 அடி நீளம், 5 அடி அகலத்துல ஒரு மேசை மேல பாத்தாங்க. கோடு போட்ட கருப்புத் துணி விரிச்சு, பென்னி, ஷில்லிங், பவுண்டுன்னு பத்தி பத்தியா வட்டக் காய்களை வெச்சு நகர்த்துவாங்க. ரோமன் எண்ணை எழுதிக் கூட்டறது லேசா என்ன? ஒருபக்கம் கருவூல அதிகாரி, எதிர்ல வரி வசூலிச்ச ஷெரீப். பாத்தா செஸ் ஆட்டமேதான்! பழைய பிரெஞ்சுல செஸ் பலகையோட பேர்தான் எக்ஸ்செக்கர்னு கருவூலத்துக்கு ஆச்சு. பிரிட்டன் நிதியமைச்சர் பதவிப் பேர்ல இன்னிக்கும் இருக்கு.

நூல்கண்டு:
அப்ப சட்டைக்கு அந்தப் பலகையோட கட்டம்தான் பேர் குடுத்துதா? பேங்க் செக் எப்படி வந்துது?

கணக்கர்:
சட்டைக்கு அதேதான். பேங்க் செக் சரிபார்க்கற செக்லேருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டுல முதல்ல அடிக்கட்டைக்குத்தான் அந்தப் பேர். கள்ளச் சீட்டு வந்தா அதோட ஒப்பிட்டுப் பிடிக்கலாம். அப்புறம் சீட்டுக்கே ஒட்டிக்கிச்சு. பிரிட்டன்காரங்க பேங்க் செக்கோட எழுத்துக்கூட்டலை check-லேருந்து cheque-னு மாத்தினதுக்கு எக்ஸ்செக்கரோட சாயல்தான் காரணம். அமெரிக்காவுல செஸ்ஸுக்கும் பேங்குக்கும் ஒரே எழுத்துதான்.

அம்முஅப்பா:
சொல்லிட்டேங்க. உடனே அடுத்தது: "அப்ப செக்மேட்ல வர்ற மேட்னா ராஜா செத்துட்டாரா?"

கணக்கர்:
அரபியில மாதன்னா இறந்தான். அதனால பலரும் அப்படித்தான் சொல்வாங்க. பாரசீகத்துல மாத்னா வழியத்து நிக்கறது. எனக்கு இதுதான் பொருத்தமாப் படுது. மத்த காயை எல்லாம் வெட்டி வெளிய வெக்கறோம், ராஜாவை மட்டும் யாரும் பலகையை விட்டு எடுக்கறதில்லையே. அவளையே பாக்கச் சொல்லுங்க.