டிவிடியை கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றியபோது உதடும் குரலும் பிரிந்த கதை: உங்களுக்கு எப்படி நடந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள்?

அம்மா பாடிய ஒரே ஒரு பதிவுதான் எங்களிடம் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது கேமரா டேப்பில் எடுத்து, பிற்பாடு டிவிடி ரெக்கார்டரில் ஏற்றியது, மொத்தம் 1 மணி 50 நிமிடம் ஓடும். டிஸ்க் பழசாகிக்கொண்டே போகிறது என்று பயந்து, கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துவிடலாம் என உட்கார்ந்தேன். மாற்றி முடித்ததும் முதல் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது, உடனே சித்திக்கும் தம்பிக்கும் அனுப்பிவிட்டேன். அம்மா பாடுவது கடைசி இருபது நிமிடத்தில் வரும். அன்று இரவே தம்பி ஃபோன் செய்தான்: "அண்ணா, அம்மா பாடி முடிச்சு வாயை மூடிட்டாங்க, பாட்டு இன்னும் கேட்குது."

போய்ப் பார்த்தால் கிட்டத்தட்ட ஆறு நொடி வித்தியாசம். மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

நான் முதலில் செய்தது, பெரும்பாலானவர்கள் செய்வதுதான். ஒலியை ஆறு நொடி முன்னால் இழுத்தேன். பாட்டு சரியானது, ஆனால் ஆரம்பத்தில் யார் வாயைத் திறப்பதற்கும் முன்பே குரல் வந்தது. சரி என்று மூன்று நொடி இழுத்தேன், நடுவில் மட்டும் பொருந்தியது, இரண்டு முனையும் கெட்டது. இப்படியே இரண்டு வார இறுதி போனது. அப்புறம்தான் கையை எடுத்துவிட்டு, முதலில் அளந்து பார்ப்போம் என்று தோன்றியது.

அளப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன், யாருக்காவது உதவும். கைதட்டல், கதவு சாத்துவது, டம்ளரை மேசையில் வைப்பது மாதிரி பட்டென்று கேட்கும் சத்தத்தைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் யாராவது "அம்மா", "அப்பா" என்று சொல்லும் இடத்தைப் பிடியுங்கள். ம, ப இரண்டும் உதடு ஒட்டாமல் வராத எழுத்து, அதனால் உதடு ஒட்டும் ஃபிரேமையும் (வீடியோவின் ஒரு தனிப் படம்) ஒலி வரும் இடத்தையும் துல்லியமாக ஒப்பிடலாம். விஎல்சி என்ற வீடியோ ப்ளேயரில் ஜே, கே பட்டன்களை அழுத்தினால் ஒலி 50 மில்லிநொடி முன்னேயும் பின்னேயும் நகரும். எத்தனை முறை அழுத்தினால் ஒட்டுகிறது என்று எண்ணினாலே கணக்கு கிடைத்துவிடும். இதை ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்திலாவது செய்ய வேண்டும். ஒரே இடத்தில் அளந்தால் ஒன்றும் தெரியாது, நான் அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்தது: 10வது நிமிடத்தில் 0.6 நொடி, 50வது நிமிடத்தில் 3 நொடி, 100வது நிமிடத்தில் 6 நொடி. வகுத்துப் பாருங்கள், எல்லா இடத்திலும் ஆயிரத்துக்கு ஒன்று. இந்தக் கணக்கைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து டிவி முறை) டிவிடியில் நொடிக்கு 30 ஃபிரேம் என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம், உண்மையில் அது 29.97, இன்னும் சரியாகச் சொன்னால் 30000-ஐ 1001-ஆல் வகுத்தால் வருவது. நான் டிஸ்க்கிலிருந்து படத்தையும் ஒலியையும் தனித்தனியாகப் பிரித்து எடுத்து, மறுபடி சேர்க்கும்போது ஃபிரேம் ரேட் பெட்டியில் 30 என்று அடித்திருந்தேன். படம் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடியது, ஒலி தன் வேகத்தில் வந்தது, ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி பிரிந்துகொண்டே போனது.

சரிசெய்ய ஒலியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. படத்தையும் ஒலியையும் ஒரே ஃபைலாகச் சேர்க்கும் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் வீடியோ டிராக்கைத் தேர்ந்தெடுத்து, ஃபிரேம் ரேட் கேட்கும் இடத்தில் 30000/1001 என்று கொடுத்து மறுபடி சேர்த்தேன். படத்தை மறுபடி என்கோட் செய்யாததால் (புதிதாகச் சுருக்காததால்) சில நிமிடத்தில் முடிந்தது, தரமும் குறையவில்லை. அம்மா "மா" என்று இழுக்கும் இடத்தில் உதடும் குரலும் ஒன்றாக வந்தபோது அதை நாலு தடவை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

அதிலிருந்து நான் பிரித்து எடுப்பதையே விட்டுவிட்டேன். முதலில் மேக்எம்கேவி என்ற மென்பொருளில் டிஸ்க்கை அப்படியே எம்கேவி ஃபைல் ஆக்குகிறேன், அது சுருக்காது, படமும் ஒலியும் அவற்றின் நேரக் குறிப்புகளோடு ஒரே ஃபைலுக்குள் வந்துவிடும். அதை மூன்று இடத்தில் பார்த்த பிறகுதான் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு எம்பி4 ஃபைல் ஆக்குகிறேன். எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்க இது ரொம்ப உதவுகிறது, ஏனென்றால் எம்கேவியில் சரியாக இருந்து எம்பி4-இல் கெட்டால் குற்றம் இரண்டாவது படியில், எம்கேவியிலேயே கெட்டிருந்தால் டிஸ்க்கிலோ டிரைவிலோ.

உங்களுக்கு வேறு மாதிரி நடந்திருந்தால் எழுதுங்கள், குறிப்பாக எத்தனை நொடி, எந்த இடத்தில் என்று எழுதினால் நல்லது.

பதில் 1

உங்களுக்கு இழுவை, அதாவது பிசகு போகப்போகக் கூடுவது. எனக்குத் தாவல், ஒரே இடத்தில் விழுந்து அப்படியே நிற்பது. மகளின் பள்ளி நாடக டிஸ்க், 42வது நிமிடம் வரை அச்சுப் பிசகாமல் இருந்தது, அந்த இடத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறி ஒரு நொடிக்குள் சரியாகிவிடும், ஆனால் அதற்குப் பிறகு கடைசிவரை ஒலி 1.2 நொடி தள்ளியே இருக்கும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

காரணம் கீறல். அந்த இடத்தை டிரைவால் படிக்க முடியாமல் சில ஃபிரேம்கள் விட்டுப்போயின, நான் பயன்படுத்திய மென்பொருள் அந்த இடைவெளியை நிரப்பாமல் அடுத்த ஃபிரேமை இழுத்து ஒட்டிவிட்டது, ஒலி அந்த அளவுக்கு விட்டுப்போகவில்லை. டிவிடியில் ஒவ்வொரு துண்டுப் படத்துக்கும் துண்டு ஒலிக்கும் எப்போது காட்ட வேண்டும் என்ற நேரக் குறிப்பு உண்டு, நொடியை 90,000 பங்காகப் பிரித்து எழுதியிருப்பார்கள். அதை மதிக்கிற மென்பொருள் என்றால் காலி இடத்தை விட்டுவிட்டுச் சரியான நேரத்தில் தொடரும். மதிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிற மென்பொருள்தான் இப்படிச் செய்யும்.

முதலில் டிஸ்க்கைத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், மென்மையான துணியால். தடத்தின் போக்கிலேயே நீளமாக விழும் கீறல்தான் டிஸ்க்குக்கு அதிகத் தொல்லை. அப்புறம் கெட்ட டிஸ்க்கிலிருந்து மீட்டெடுக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்ற மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓ ஃபைலாக (டிஸ்க்கின் முழு நகல்) எடுத்தேன். அதில் அருமையான வசதி, எந்தெந்த இடம் படிக்க முடியவில்லை என்று ஒரு மேப் ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும், நீங்கள் டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டு அதே மேப் ஃபைலோடு தொடர்ந்தால் விட்டுப்போன இடங்களை மட்டும் மறுபடி முயற்சி செய்யும். என் பழைய லேப்டாப் டிரைவால் முடியாததை நண்பரின் டிரைவ் படித்துவிட்டது. அந்த ஐஎஸ்ஓவிலிருந்து மாற்றியபோது தாவல் இல்லை.

இப்படித் தாவல் உள்ள ஃபைலில் முழு ஒலியையும் நகர்த்தி எந்தப் பயனும் இல்லை. வேறு வழியே இல்லையென்றால் தாவுகிற இடத்தில் வெட்டி, இரண்டாம் பகுதியின் ஒலியை மட்டும் நகர்த்தி மறுபடி ஒட்டலாம். ஆனால் மூல டிஸ்க் கையில் இருக்கிறவரை நான் அதைச் செய்ய மாட்டேன்.

பதில் 2

கீறலே இல்லாத டிஸ்க்கிலும் தாவல் வரும். ரெக்கார்டரில் நிறுத்தி நிறுத்தி எடுத்த டிஸ்க் என்றால் ஒவ்வொரு முறை பதிவு தொடங்கும்போதும் நேரக் குறிப்பு மறுபடி ஆரம்பத்திலிருந்து எண்ணத் தொடங்கலாம். டிஸ்க்கைத் திறந்தால் படமும் ஒலியும் இருக்கும் விஓபி ஃபைல்கள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் இருக்கும், அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே ஃபைலாக்கி மாற்றினால் போதும் என்று நினைத்தேன், எட்டுத் துண்டில் எட்டு விதமான பிசகு. எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது என்ற விவரம் பக்கத்தில் இருக்கும் ஐஎஃப்ஓ ஃபைலில்தான் இருக்கிறது, அதை விட்டுவிட்டு விஓபியை மட்டும் எடுத்தால் மென்பொருளுக்கு அது தெரிய வழியில்லை. இவை எல்லாம் இருக்கும் முழு வீடியோ டிஎஸ் ஃபோல்டரையும் கொடுத்த பிறகு ஹேண்ட்பிரேக் ஒவ்வொரு டைட்டிலையும், அதாவது ஒவ்வொரு பதிவையும், தனியாகக் காட்டியது, தனித்தனியாக மாற்றினேன், எல்லாம் ஒட்டியது.

ஒலியில் ஆங்காங்கே சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் ஏரீசாம்பிள் என்ற ஃபில்டரை அசிங்க் மதிப்பு 1 வைத்துப் பயன்படுத்திப் பாருங்கள். நேரக் குறிப்பைப் பார்த்து ஓட்டையில் மௌனத்தை நிரப்பும், அதிகமாக இருப்பதை வெட்டும். எனக்கு இரண்டு ஃபைல் அதில் தப்பித்தது.

ஏவிஐ என்ற பழைய ஃபைல் அமைப்புக்கு மாற்றுகிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த அமைப்பில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நேரக் குறிப்பு கிடையாது, அதில் பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு என்பது) மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3 ஒலியைப் போட்டால் பிசகு வந்தே தீரும் என்ற அளவுக்கு நான் பட்டிருக்கிறேன்.

பதில் 3

நான் சொல்லப்போவது டிஸ்க்கைப் பற்றியது இல்லை, ஆனால் ஒரு மாதம் என்னை அலைக்கழித்தது. மாற்றிய எல்லா ஃபைலிலும் ஒலி ஒரே அளவு பின்தங்கியது, எங்கே பார்த்தாலும் 200 மில்லிநொடி. சரி, இது நகர்த்தினால் போகும் வகைதானே என்று முப்பது ஃபைலையும் எம்கேவிடூல்நிக்ஸில் டிலே மைனஸ் 200 என்று கொடுத்து மறுபடி சேர்த்தேன். அப்பா டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு, பேச்சு முன்னாடியே வருகிறது என்றார். நான் இத்தனை நாளும் ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தேன்! ஒலி அதைப் போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரம்தான் அந்த 200. பல ப்ளேயர்கள் இதை ஈடுகட்டிவிடும், என் கம்ப்யூட்டரில் இருந்தது செய்யவில்லை.

ஒலி முந்துவதுதான் பிந்துவதைவிட மோசமாகத் தெரியும். ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு 1998இல் வெளியிட்ட பிடி.1359 என்ற பரிந்துரையில் ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவார்கள், பிந்தினால் 125 வரை தெரியாது என்று இருக்கிறது. தூரத்தில் துணி துவைப்பதைப் பார்த்தால் அடி முதலில் தெரியும், சத்தம் பிறகுதான் வரும் இல்லையா, நமக்கு அது பழக்கம். அதனால் அளக்கும்போது வயர் வைத்த ஹெட்ஃபோன், முடிந்தால் இரண்டு வேறு கருவிகள். மூல டிஸ்க்கையும் அதே கருவியில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், பிசகு டிஸ்க்கிலேயே இருந்தால் மாற்றிய மென்பொருளைக் குறை சொல்ல முடியாது.

பதில் 4

இரண்டு நாட்டு டிஸ்க்கைக் கலந்த அனுபவம் என்னுடையது. ஒரு ஆவணப்படத்தின் தெளிவான படம் என்டிஎஸ்சி டிஸ்க்கில் இருந்தது, எனக்கு வேண்டிய மொழி ஒலி பால் (PAL, ஐரோப்பா, இந்தியா பக்கத்து டிவி முறை) டிஸ்க்கில் மட்டும். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், பால் 25 என்பதால் அங்கே படத்தையே கொஞ்சம் வேகப்படுத்தி ஏற்றுவார்கள், 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒலியைக் கொண்டுவந்து என்டிஎஸ்சி டிஸ்க்கின் 23.976 ஃபிரேம் படத்தில் (சினிமாவின் 24 அங்கே ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்து இப்படி ஆகும்) ஒட்டினால் ஐந்தாவது நிமிடத்திலேயே 12 நொடிக்கு மேல் முந்தும். யாரும் இதைச் சின்னப் பிசகு என்று நினைத்து நகர்த்திப் பார்க்க மாட்டார்கள், அந்த வகையில் நல்லது.

ஒலியை 0.95904 மடங்கு (23.976-ஐ 25-ஆல் வகுத்தது) வேகத்துக்கு இறக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வேகத்தை மட்டும் குறைத்து சுருதியை அப்படியே வைக்கும் முறையை முதலில் பயன்படுத்தினேன், நேரம் பொருந்தியது, ஆனால் குரல்கள் மெல்லிசாக, கீச்சென்று இருந்தன. வேகப்படுத்தியபோதே சுருதி அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஏறியிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. டேப்பை மெதுவாக ஓட்டுவது மாதிரி சுருதியும் சேர்ந்து இறங்கும்படி ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பீடை மாற்றினேன், குரல் அதன் இயல்புக்குத் திரும்பியது. சில டிஸ்க்குகளில் தயாரித்தவர்களே சுருதியைத் திருத்தி வைத்திருப்பார்கள், அப்போது முதல் முறைதான் சரி. காதுதான் சொல்ல வேண்டும்.

மீண்டும் நான், தொடங்கியவர்

எல்லாருக்கும் நன்றி. ப்ளூடூத் விஷயத்தைப் படித்ததும் எழுந்து போய் வயர் ஹெட்ஃபோனைத் தேடி எடுத்தேன், அம்மா பாட்டு அதிலும் சரியாகவே இருக்கிறது. என்னிடம் இன்னொரு டிஸ்க் இருக்கிறது, தாத்தா பேசுவது, 37வது நிமிடத்துக்குப் பிறகு அரை நொடி தள்ளிப் போகிறது, அதை இழுவை என்று நினைத்து ஓரமாக வைத்திருந்தேன். மறுபடி அளந்தேன்: 40வது நிமிடத்திலும் அரை நொடி, 80வது நிமிடத்திலும் அரை நொடி. அப்படியானால் தாவல்தான். தம்பியிடம் வெளியிலிருந்து மாட்டும் டிரைவ் ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறான், டிடிரெஸ்கியூவில் போட்டுவிட்டு என்ன ஆனது என்று எழுதுகிறேன்.