குறைந்த செலவில் வீட்டுக்குத் தரை: நீங்கள் என்ன போட்டீர்கள், இப்போது எப்படி இருக்கிறது?

கொளத்தூர் மாடிவீடு:

அப்பா கட்டிய வீட்டில் முதல் மாடி இன்றுவரை சிமெண்ட் தரைதான். ஹால், இரண்டு ரூம், சமையலறை சேர்த்து 720 சதுர அடி. தங்கை குடும்பம் கீழே வருகிறது, நாங்கள் அம்மாவோடு மேலே போகிறோம். பொங்கலுக்குள் தரை போட்டாக வேண்டும். கையில் இருப்பது கொஞ்சம்தான்.

கடைக்குப் போனேன். போர்டில் சதுர அடி 42 ரூபாய் என்று போட்டிருந்தது. கணக்குப் போடச் சொன்னதும் 18 சதவீத ஜிஎஸ்டி தனி, வண்டி வாடகை தனி, இறக்குக்கூலி தனி, மாடிக்கு ஏற்றப் பெட்டிக்கு இவ்வளவு என்று அதுவும் தனி. அந்த 42 ரூபாய் டைல்ஸ் கடையின் பின்மூலையில் கிடந்தது. விற்கிற பையன் நகராமல் நின்றதெல்லாம் நாலுக்கு இரண்டு அடி அளவில், முகம் தெரிகிற மார்பிள் டிசைனுக்கு முன்னால்தான். விலைப்பட்டியல் எனக்கு வேண்டாம், அது கடைக்குக் கடை மாறும். போட்டுப் புழங்கியவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்.

நங்கநல்லூர் அக்கா:

தம்பி, என்னுடையது டைல்ஸ் போடாமல் தப்பித்த கதை. உங்களுக்கு நேராக உதவாது, பழைய ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு உதவலாம்.

எண்பதுகளில் கட்டிய ஃபிளாட். தரை முழுக்க மொசைக், மங்கிப்போய் ஆங்காங்கே குண்டூசித் துளைகள். பார்க்க வந்த அத்தனை பேரும் "இதுமேலயே டைல்ஸ் ஒட்டிடலாம் மேடம்" என்றார்கள். ஒட்டலாம்தான். ஆனால் தரை அரை அங்குலம் உயரும். எல்லாக் கதவையும் கழற்றி அடியில் சீவ வேண்டும். பால்கனியிலும் அப்படியே ஒட்டினால் தண்ணீர் வெளியே ஓடும் வாட்டம் கெட்டு மழைத்தண்ணீர் ஹாலுக்குத் திரும்பும். இதையெல்லாம் டைல்ஸ்காரர்கள் சொல்லவில்லை, கதவு ரிப்பேருக்கு வந்த ஆசாரி சொன்னார்.

பாலிஷ் போடும் ஆளைக் கூப்பிட்டேன். மெஷினில் கரடுமுரடான கல்லை மாட்டி ஒரு சுற்று ஓட்டினார். துளைகளில் தரையின் நிறத்துக்கே கலர் கலந்த வெள்ளை சிமெண்டை அடைத்துக் காயவிட்டார். அப்புறம் நைஸான கற்களால் அடுத்தடுத்து சுற்றுகள், கடைசியில் ஆக்ஸாலிக் பவுடர். டைல்ஸுக்கு வந்த கொட்டேஷனில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வீடெல்லாம் சேறு, அதை மறைக்க மாட்டேன். அந்தச் சேற்றைப் பக்கெட்டில் வாரி வெளியே கொண்டுபோகச் சொல்ல வேண்டும். பாத்ரூம் ஓட்டையில் தள்ளிவிட்டால் குழாய்க்குள் இறுகிக்கொள்ளும், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

மொசைக்கில் இருப்பது மார்பிள் சில்லு. டாய்லெட் கழுவும் ஆசிட் பட்டால் அரித்துவிடும், எலுமிச்சைச் சாறுகூடத் தழும்பு வைக்கும். வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். மே மாத மதியத்தில் இந்தத் தரைமேல் பாய்கூட இல்லாமல் படுக்கிற சுகத்துக்கு எந்தக் கொட்டேஷனும் ஈடாகாது.

வேளச்சேரி தரைத்தளம்:

நான் இரண்டு வரியில் முடித்துவிடுவேன் என்று நினைத்தேன், முடியவில்லை.

பெட்ரூமில் மரம் மாதிரி இருக்க வேண்டும் என்று லேமினேட் போட்டிருந்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் முட்டியளவு தண்ணீர். லேமினேட்டின் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் பலகை. தண்ணீர் குடித்து ஓரங்கள் உப்பிப் பலகைக்குப் பலகை முட்டிக்கொண்டு நின்றது. வடிந்த பிறகு மொத்தத்தையும் பெயர்த்து வெளியே வீசினோம். பக்கத்து ரூமில் சாதாரண விட்ரிஃபைட் டைல்ஸ். பினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியதோடு சரி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வீடு முழுக்க டைல்ஸ் ஆகிவிட்டிருந்தது. டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் கிரௌட் கறுத்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டில் எஸ்பிசி பலகை. சுண்ணாம்புக்கல் தூளையும் பிவிசியையும் சேர்த்துச் செய்வது, அதனால் அது உப்பாது. கடைக்காரர் சொன்னது நிஜம்தான். ஆனால் அது தரையில் ஒட்டுவதில்லை, ஒன்றோடொன்று கோத்துப் பரப்புவது. அடியில் போன சேற்றுத் தண்ணீர் நாற்றமெடுத்து, எல்லாப் பலகையையும் எடுத்துக் கழுவி, திரும்பக் கோத்தார்கள். வெள்ளம் வருகிற ஏரியாவில் தரைத்தளம் என்றால் டைல்ஸ், இல்லாவிட்டால் கல். மாடியில் இருப்பவர்கள் எஸ்பிசியை யோசிக்கலாம், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

ராயபுரம் மேஸ்திரி மகன்:

அப்பா டைல்ஸ் மேஸ்திரி. லீவு நாட்களில் நானும் கூடப் போய் டைல்ஸ் வெட்டியவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொளத்தூர் அண்ணா, 720 சதுர அடிக்கு எத்தனை பெட்டி என்றால் கடையில் 45 என்றுதான் சொல்லியிருப்பார்கள். இரண்டுக்கு இரண்டு டைல்ஸ், பெட்டிக்கு நாலு, ஆக 16 சதுர அடி. ஆனால் அந்த டைல்ஸ் முழு இரண்டு அடி இல்லை. 600 மில்லிமீட்டர்தான், இரண்டு அடியென்றால் 609 தாண்ட வேண்டும். அதனால் ஒரு பெட்டியில் நிஜமாகவே இருப்பது 15.5 சதுர அடி. சுவரோரம் நாலு அங்குல ஸ்கர்டிங் ஓடுமே, அது உங்கள் வீட்டில் 180 அடி நீளம் என்று வைத்தால் இன்னொரு 60 சதுர அடி. வெட்டுச்சேதம் 5 சதவீதம். கூட்டிக் கழித்தால் 53 பெட்டி. பாதி வேலையில் போய் எட்டு பெட்டி கேட்டால் அதே ஷேடு கிடைக்காது. பெட்டியின் பக்கவாட்டில் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் அச்சடித்திருக்கும். எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள், மாடிக்கு ஏற்றிய பிறகு யாரும் திருப்பி இறக்க மாட்டார்கள்.

பிராண்டு பெயரைப் பார்த்து அதிகம் மலைக்க வேண்டாம். குஜராத்தின் மோர்பியிலிருந்துதான் பல பெயர்களிலும் சரக்கு வருகிறது. அதைவிட, இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள். நடுவில் ஆடினாலோ ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ அது வளைந்த சரக்கு. நாலுக்கு இரண்டு அளவில் இந்த வளைவு கூடுதல். பெரிய டைல்ஸ் என்றால் கூலியும் கூடும், சேதமும் கூடும். பணம் யோசிக்கிற வீட்டுக்கு இரண்டுக்கு இரண்டு போதும் என்பது அப்பாவின் கட்சி, என் கட்சியும் அதுதான்.

விஷயம் டைல்ஸுக்கு அடியில்தான் இருக்கிறது. விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரைக் குடிக்காது, அரை சதவீதத்துக்கும் கீழேதான் இழுக்கும். அதனால்தான் கறை பிடிப்பதில்லை. அதே காரணத்தால்தான் வெறும் சிமெண்ட் பால் அதில் சரியாகப் பிடிப்பதில்லை. சிலர் அவசரத்தில் நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று கலவையை வைத்து டைல்ஸை அமுக்கிவிட்டுப் போவார்கள். அன்றைக்குப் பார்க்க மட்டமாக இருக்கும். பின்னால் கேஸ் சிலிண்டரை டொம்மென்று வைக்கும்போது காலியான இடத்தில் விரிசல் விடும். சுவரோரம் இடைவெளியே விடாமல் நெருக்கிப் பதித்தால் வெயிலில் விரிவதற்கு இடமில்லாமல் நடு ஹாலில் வரிசையாகக் கூடாரம் போல எழும்பிக்கொள்ளும், அதுவும் வெடிச்சத்தத்தோடு. அம்பத்தூரில் ஒரு வீட்டில் அந்தச் சத்தத்துக்கு எலுமிச்சம்பழம் கட்டி வைத்திருந்தார்கள்!

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. பழைய சிமெண்ட் தரை கெட்டியாக இருந்தால் உடைக்கவே வேண்டாம். கட்டையால் தட்டிப் பாருங்கள், உள்ளே காலியாக இருப்பது போலச் சத்தம் வந்த இடத்தை மட்டும் பெயர்த்துப் பூசினால் போதும். மற்றதை உளியால் கொத்திவிட்டு, தூசி கழுவி, நேராக டைல்ஸ் அட்ஹெசிவ் போட்டு ஒட்டலாம். 20 கிலோ மூட்டை சுமார் 45 சதுர அடிக்கு வரும். மூட்டை விலையைப் பார்த்ததும் பயமாக இருக்கும். ஆனால் உடைப்புக்கூலி, எம்-சாண்ட், அதை மாடிக்குத் தூக்கும் சித்தாள் கூலி, உடைத்த குப்பையான ரப்பீஸை அள்ளும் வண்டி எல்லாம் மிச்சம். ரப்பீஸை இப்போதெல்லாம் தெருமுனையில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடுகிறது. முன்கூட்டியே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பள்ளம் அதிகம் என்றால் முதலில் கலவை போட்டுச் சமன் செய்துவிட்டுத்தான் அட்ஹெசிவ். பள்ளத்தை அட்ஹெசிவாலேயே நிரப்பினால் மூட்டை கணக்கு எகிறும். டைல்ஸுக்கு டைல்ஸ் இடைவெளி விட நடுவில் செருகும் ஸ்பேசர் 2 மில்லிமீட்டர் போடச் சொல்லுங்கள், "ஜாயிண்டே தெரியாம போட்டுத் தரேன் சார்" என்கிற ஆளை அனுப்பிவிடுங்கள்.

திருவான்மியூர் ஆத்தங்குடிப் பைத்தியம்:

பூஜை ரூமுக்கும் முன்திண்ணைக்கும் மட்டும் ஆத்தங்குடி டைல்ஸ் போட்டேன். காரைக்குடிப் பக்கம் நேரில் போய், கண்ணாடி மேல் கலர் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்குவதைப் பார்த்தே வாங்கியது. சூளையில் சுடுவது கிடையாது, தண்ணீரில் போட்டுப் பதப்படுத்துவதுதான். கண்ணாடியைத் தொட்ட பக்கம் அப்படியே வழவழப்பாக வந்துவிடுகிறது.

அழகுக்குக் குறைவில்லை. ஆனால் மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே கல்லின் விலை பரவாயில்லை, சென்னைக்குக் கொண்டுவரும் வண்டி, வழியில் உடையும் கணக்கு, பதிக்கத் தெரிந்த ஆள் என்று சேர்ந்துகொண்டே போகும். முக்கால் அங்குலத்துக்குக் குறையாத கனம், பக்கத்து ஹாலில் விட்ரிஃபைட் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. மட்டத்தை முதலிலேயே கணக்குப் போடாவிட்டால் வாசலில் கால் தட்டும். விளக்கெண்ணெய் சிந்தினால் உறிஞ்சிக்கொள்ளும், மஞ்சளும் அப்படித்தான். தினமும் துடைத்துப் புழங்கப் புழங்க மினுக்கு ஏறுகிறது. பூட்டிவைத்த வீட்டில் மங்கிவிடும்.

பெரம்பூர் ரயில்வே ரிட்டயர்டு:

மின்னுகிற டைல்ஸைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. வயதான அம்மா இருக்கிற வீட்டில் கண்ணாடிப் பாலிஷ் வேண்டவே வேண்டாம் தம்பி. ஈரக்காலோடு பாத்ரூமிலிருந்து வந்து என் மனைவி வழுக்கியதில் இடுப்பில் ஆபரேஷன். செலவு அந்த டைல்ஸ் விலையைப் பல மடங்கு தாண்டிவிட்டது.

வழுக்காத தன்மைக்கு ஆர்9, ஆர்10, ஆர்11 என்று மதிப்பீடு உண்டு. எண்ணெய் தடவிய டைல்ஸ் பலகையில் ஒரு ஆளை நடக்கவிட்டு, பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து, எந்தச் சாய்வில் கால் வழுக்குகிறது என்று பார்த்துத் தருவது. எண் கூடினால் பிடிப்பு கூடும். பெட்டியில் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பாத்ரூமுக்கு ஆர்10-க்குக் குறையாமல் வாங்குங்கள்.

அதற்காக வீடு முழுக்க சொரசொரப்பு வேண்டாம். எங்கள் போர்த் தண்ணீரில் துடைத்தால் உப்புத் திட்டு அப்படியே நிற்கிறது, ரோட்டுப் புழுதி வேறு. ஹாலுக்கு மேட் ஃபினிஷ் என்கிற மங்கலும் இல்லாமல் பளபளப்பும் இல்லாமல் சாட்டின் என்று ஒன்று வருகிறது, அதுதான் சரி. படிக்கட்டுக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் நான் கோட்டா கல் போட்டிருக்கிறேன். ராஜஸ்தானிலிருந்து வருவது, பச்சை கலந்த சாம்பல் நிறம், பதித்த பிறகு மெஷின் பாலிஷ். பேரன் சைக்கிளைப் போட்டு உருட்டாத நாள் இல்லை, ஒன்றும் ஆகவில்லை. நங்கநல்லூர் அம்மா சொன்ன ஆசிட் சமாசாரம் அதற்கும் பொருந்தும், அதுவும் சுண்ணாம்புக்கல்தான்.

கொளத்தூர் மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, அம்மாவுக்கு உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன், "பேசாம நாமளும் மொசைக் போட்டா என்ன" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

நேற்று கட்டையோடு மாடி முழுக்கத் தட்டிப் பார்த்தேன். சமையலறை ஜன்னலோரம் ஒரு இடத்தைத் தவிர எல்லாம் கெட்டி. உடைக்கப் போவதில்லை. இரண்டுக்கு இரண்டு, சாட்டின், வெளிர் சாம்பல். படிக்கட்டுக்குக் கோட்டா. கடையில் 53 பெட்டி என்றதும் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், "மேஸ்திரி யாரு?" என்று கேட்டார். மீந்த முழுப்பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம், பில்லிலேயே எழுதி வாங்கிவிட்டேன். தம்பி, கதவுக்கு என்ன செய்வது? மேலே எல்லாம் பழைய தேக்கு, சீவ மனசு வரவில்லை.

ராயபுரம் மேஸ்திரி மகன்:

கதவடியில் இப்போது எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று முதலில் அளந்து சொல்லுங்கள் அண்ணா. அந்தக் காலத்துக் கதவுகளில் அரை அங்குலத்துக்கு மேலேயே விட்டிருப்பார்கள். கதவைத் திறந்து, டைல்ஸ் ஒன்றையும், அட்ஹெசிவ் கனத்துக்குப் பதிலாக அடியில் ஒரு மெல்லிய பிளைவுட் துண்டையும் வைத்துக் கதவை மேலே ஓட்டிப் பாருங்கள். தட்டாமல் போனால் ஆசாரியே வேண்டாம். திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு பெட்டியை மட்டும் கொடுக்காமல் லாஃப்டில் போட்டுவையுங்கள், பின்னால் பிளம்பர் வந்து தரையைத் தோண்டினால் அந்த ஷேடு வேறெங்கும் கிடைக்காது.