காண்ட்ராக்ட்ல கார்பன் கணக்கு கேக்குறாங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் துவாஸ்ல மூணு லாரி வச்சு டெலிவரி பிசினஸ் ஓட்டுறேன். பெரிய கஸ்டமர் ஒருத்தர் இந்தத் தடவ காண்ட்ராக்ட்ட சிங்பாஸ்லயே (அரசாங்க டிஜிட்டல் ஐடி ஆப்) சைன் பண்ணச் சொல்லிட்டாங்க, அது ரெண்டு நிமிஷ வேலை, ஆனா உள்ள புதுசா ஒரு கண்டிஷன், மாசாமாசம் அவங்க போர்ட்டல்ல கார்பன் கணக்கு, அதாவது அவங்க சரக்குக்காக நம்ம லாரி எவ்ளோ கார்பன் வெளியவிடுதுன்னு, ஏத்தணுமாம், ஏத்தலன்னா பேமெண்ட் நிக்குமாம்! அவங்க பங்குச்சந்தைல இருக்குற லிஸ்டட் கம்பெனி, 2025 நிதியாண்டுலேர்ந்து கிளைமேட் ரிப்போர்ட் கொடுத்தாகணும், அதான் நம்ம தலையில விடியுது. டீசல் லிட்டருக்கு சுமாரா 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடுன்னு போட்டுப் பாத்தேன். ஆனா ரெண்டு கஸ்டமர் சரக்கு ஒரே லாரில போனா எப்படிப் பிரிக்கிறது? காலியா திரும்புற ட்ரிப் யார் கணக்கு? எக்செல் ஷீட் வச்சிருந்தா அனுப்புங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள சைன் பண்ணணும்.