டீப் பர்ப்பிளின் '=1': இசைத்தட்டா, சிடியா?

நண்பர்களே, பிரிட்டிஷ் ராக் இசைக்குழு டீப் பர்ப்பிள் 2024இல் வெளியிட்ட '=1' ஆல்பத்தை வாங்க நினைக்கிறேன். யோசனை சொல்லுங்கள். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் மோர்ஸ் குழுவிலிருந்து விலகியபின் சைமன் மெக்பிரைட் கிட்டார் வாசிக்கும் முதல் ஆல்பம். மோர்ஸ் இல்லாமல் என்ன இருக்கப்போகிறது என்ற சலிப்போடுதான் கேட்கத் தொடங்கினேன். டான் ஏரியின் ஆர்கனும் மெக்பிரைடின் கிட்டாரும் மல்லுக்கட்டும் இடங்களில் வாயடைத்துப்போனேன். டிரம்ஸில் இயான் பேஸ், 1968 முதல் இருக்கிற மனிதர், கேட்கவா வேண்டும்!

இதுவரை கைபேசியில் மட்டுமே கேட்டிருக்கிறேன். இசைத்தட்டு, சிடி இரண்டையும் கேட்டவர்கள் இருந்தால், பாஸ் கிட்டார் எதில் தெளிவாக ஒலிக்கிறது என்று எழுதுங்கள். என்னிடம் இருப்பது சாதாரண டர்ன்டேபிள்தான். வெளிநாட்டிலிருந்து இசைத்தட்டு வரவழைத்தவர்கள், அது வளையாமல் வந்து சேர்ந்ததா, சுங்கவரி எவ்வளவு ஆனது என்பதையும் சொன்னால் பெரிய உதவி. "ஸ்ட்ரீமிங் போதாதா?" என்று கேட்பவர்கள் மட்டும் மன்னிக்கவும்.