அச்சடித்த க்யூஆர் கோடு: போய்ச்சேரும் லிங்க்கை மட்டும் மாற்ற வழி உண்டா?

கோட்டைவாசல், வேலூர்:
வேலூர்க் கோட்டையைப் பற்றி 64 பக்கக் கையேடு எழுதி, கைக்காசு போட்டு 500 பிரதி அடித்தேன். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி, ஜலகண்டேஸ்வரர் 1981-ல் மறுபடி கோயிலுக்குள் வந்தது என்று 12 இடத்தில் க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் என் குரலில் விளக்கம் வரும். இலவசத் தளம் ஒன்றில் எடுத்த கோடுகள். மூன்றாவது வாரமே இலவசக் காலம் முடிந்துவிட்டது. போன ஞாயிறு கல்யாண மண்டபத்துத் தூண் முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை புத்தகத்தை விரித்துப் போனைக் காட்டிக் காட்டிப் பார்த்தாள். பணம் கட்டச் சொல்லும் பக்கம்தான் வந்தது. மனசு பொறுக்கவில்லை. வீட்டில் 310 பிரதி இருக்கிறது. என்ன செய்யலாம்?

காட்பாடி பிரஸ்காரன்:
ஐயா, கோட்டுக்குள் இருப்பது வெறும் முகவரி எழுத்து. அச்சேறிய பிறகு அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் அந்த முகவரி நம் கையில் இருந்தால், அங்கிருந்து எங்கே திருப்புவது என்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உங்களுடையது அந்தத் தளத்தின் கையில் மாட்டிக்கொண்டது. இப்படி லிங்க்கைத் திருப்பிவிடும் கூகுளின் சேவையான ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸே 2025 ஆகஸ்ட் 25-ல் மூடப்பட்டதே!

சொந்த டொமைன், அதாவது உங்கள் பேரில் ஓர் இணைய முகவரி, வாங்குங்கள். வருஷாவருஷம் புதுப்பிக்க மறக்காதீர்கள். விட்டால் வேறு யாராவது எடுத்துச் சூதாட்டப் பக்கம் வைத்துவிடுவார்கள். அங்கிருந்து திருப்பிவிடும் ரீடைரக்ட் 302, அதாவது தற்காலிக வகையாக, இருக்கட்டும். நிரந்தர வகையான 301 போட்டால் போன் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, நீங்கள் மாற்றிய பிறகும் பழைய இடத்துக்கே போகும். முகவரியில் பக்க எண் வேண்டாம், அடுத்த பதிப்பில் பக்கம் நகரும். முகவரி சின்னதாக இருந்தால் கட்டங்கள் பெரிதாக விழும். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் மை பரவினாலும் ஸ்கேன் ஆகும். கோட்டுக்குக் கீழே முகவரியை எழுத்திலும் போடுங்கள். அச்சுப் பிளேட்டுக்குப் போகும் முன், சோதனைப் பிரதியான ப்ரூஃபில் 12-ஐயும் நீங்களே ஸ்கேன் செய்து பாருங்கள்.

பாலாற்றங்கரை:
புதுக் கோடுகளை ஸ்டிக்கராக அடித்து 310 பிரதிக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாக ஒட்டினால் 3,720 ஸ்டிக்கர் ஐயா! உள்ளட்டையில் ஒன்றே ஒன்று போதும். அது 12 விளக்கமும் வரிசையாக இருக்கும் பக்கத்துக்குப் போகட்டும்.

கோட்டைவாசல், வேலூர்:
நன்றி தம்பிகளா. வெளியே போன 190-க்கு அந்தத் தளத்தில் பணம் கட்டலாமா?

காட்பாடி பிரஸ்காரன்:
கட்டுகிற வரைக்கும்தான் ஓடும் ஐயா. நிறுத்தினால் மறுபடி இதே கதை.

கோட்டைவாசல், வேலூர்:
அப்படியானால் வேண்டாம். பெரும்பாலும் சத்துவாச்சாரி, பாகாயம், குடியாத்தம் பள்ளி நூலகங்களுக்குத்தான் கொடுத்தேன். 500 ஸ்டிக்கராக அடித்து நானே கொண்டுபோய் ஒட்டிவிடுகிறேன்.