புதுப்பிப்பு: ஓராண்டுப் பணிப்பயிற்சிக்குப் போனேன், முடித்துவிட்டேன்

இங்கிலாந்தில் வணிக மேலாண்மை படிக்கும் நான், மூன்றாம் ஆண்டைப் பணிப்பயிற்சியில் கழிப்பதா, நேராக இறுதியாண்டுக்குச் செல்வதா என்று சென்ற ஆண்டு இதே இழையில் கேட்டிருந்தேன். போகச் சொன்னவர்களே அதிகம். போனேன், கடந்த மாதம் முடித்தேன்.

கட்டணம் குறித்துக் கேட்டவர்களுக்கு: உள்நாட்டு மாணவருக்கு அந்த ஆண்டின் கட்டணம் வழக்கமான உச்சவரம்பில் 20 விழுக்காட்டைத் தாண்டாது, எனக்குச் சம்பளமும் கிடைத்தது.

உணவுப்பொருள் மொத்த விற்பனை நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். வாட் எனும் மதிப்புக்கூட்டு வரி 20 விழுக்காடு என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய நான், சாதாரண பிஸ்கட்டுக்கு அவ்வரி 0 என்பதையும் சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு 20 என்பதையும், பொருள் பட்டியலில் ஒரு வகையைத் தவறாகப் பதிந்து, மூன்று வார விற்பனைப் பட்டியல்கள் வரியின்றி வெளியே போன பிறகே அறிந்தேன். மேலாளர் கடிந்துகொள்ளவில்லை; திருத்திய பட்டியலை ஒவ்வொரு கடைக்காரருக்கும் நானே அனுப்பி, தொலைபேசியில் விளக்கவும் வேண்டும் என்றார். (சாக்லேட் பூசிய ஜாஃபா கேக் பிஸ்கட் அல்ல, கேக்தான், ஆகவே அதற்கு வரி 0 என்று 1991இல் வரித் தீர்ப்பாயம் முடிவு செய்த கதையையும் அன்றுதான் சொன்னார்.) பதினேழு அழைப்புகள். வாடிக்கையாளரிடம் பேசுவது பற்றி இரண்டு ஆண்டு விரிவுரைகளில் கேட்டதைவிட, அந்தப் பிற்பகலில் கற்றது அதிகம்.

இறுதியாண்டு ஆய்வுக்கு இந்த வரி வகைப்பாட்டையே எடுத்திருக்கிறேன், வழிகாட்டியும் ஒப்புக்கொண்டுவிட்டார்.